மல்டிஃபோகல் லென்ஸ்: வாசிக்கும் பவரைக் குறைத்தே கேளுங்கள்

நாற்பத்தைந்து வயதை ஒட்டியவர்கள் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான். “காலேஜ் நாள்ல இருந்து கான்டாக்ட் லென்ஸ்தான் போடறேன் சார். இப்ப செல்போன்ல எழுத்து பிடிபடலை. படிக்கறதுக்குன்னு தனியா ஒரு கண்ணாடியைத் தூக்கிட்டு அலைய முடியாது. தூரம், கிட்ட ரெண்டும் ஒரே லென்ஸ்ல தெரியுமாமே, அதைக் கொடுங்க.” அப்படி ஒன்று இருக்கிறது. மல்டிஃபோகல் கான்டாக்ட் லென்ஸ் என்பார்கள். நல்ல பொருள்தான். சரியாகப் பொருந்தியவர்கள் மறுபடி கண்ணாடிப் பக்கம் திரும்புவதில்லை.

ஆனாலும் வாங்கிப் போன சில மாதங்களிலேயே இதைக் கழற்றி வைத்துவிடுகிறவர்களும் உண்டு. ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், “தெரியுது, ஆனா பளிச்சுன்னு இல்லை” என்பார்கள். இந்தக் குறை அவர்களுடைய கற்பனை இல்லை. மல்டிஃபோகல் லென்ஸ் கிட்டப் பார்வையைக் கொடுக்கும்போது தூரப் பார்வையின் தரத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. வாசிக்கும் பவர் கூடக்கூட எடுத்துக்கொள்வதும் கூடும். ஆகவே என் ஆலோசனை சுருக்கமானது. கண்ணில் இன்னும் மிச்சமிருக்கும் ஃபோகஸ் மாற்றும் திறனை முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். போதாத அளவுக்கு மட்டும் லென்ஸிடம் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்பதற்கு முன், கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். அது புரிந்தால் கடையில் எந்த பவரைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வர மாட்டீர்கள்.

எதிரே வரும் பேருந்தின் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டுக் கையில் உள்ள டிக்கெட்டைப் பார்க்கிறீர்கள். அந்தக் கணத்தில் கண்ணுக்குள் இருக்கும் சிலியரி தசை சுருங்குகிறது. தசை சுருங்கியதும், கண் லென்ஸைச் சுற்றி இழுத்துப் பிடித்திருக்கும் மெல்லிய இழைகள் தளர்கின்றன. லென்ஸ் தன் நெகிழ்ச்சியால் உப்புகிறது, அதன் பவர் ஏறுகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1855-ல் சொன்ன இந்த விளக்கம்தான் இன்றைக்கும் அடிப்படை. வயது ஏற ஏற லென்ஸ் கெட்டிப்பட்டுவிடுகிறது. தசை தன் வேலையைச் செய்தாலும் லென்ஸ் உப்புவதில்லை. வெள்ளெழுத்து என்பது இதுதான். வீட்டுப் பெரியவர்கள் சாளேஸ்வரம் என்று சொன்னதும் இதைத்தான்.

எவ்வளவு திறன் மிச்சமிருக்கும் என்பதற்கு ஹாஃப்ஸ்டெட்டர் என்பவரின் பெயரால் வழங்கும் ஒரு கணக்கு உண்டு. 15-லிருந்து உங்கள் வயதில் கால் பங்கைக் கழித்தால் வருவது அந்த வயதில் எதிர்பார்க்கக்கூடிய குறைந்தபட்சத் திறன். 20 வயதில் 10 டயாப்டர், 40-ல் 5, 44-ல் 4, 48-ல் 3. பலருக்கு இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். 40 சென்டிமீட்டர் தூரத்தில் புத்தகம் வைத்துப் படிக்க 2.5 டயாப்டர் தேவை. மொத்தத் திறனில் பாதியைக் கையிருப்பாக விட்டு, மீதிப் பாதியில் வேலை செய்தால்தான் கண் சோர்ந்துபோகாமல் நெடுநேரம் படிக்க முடியும் என்பது நாங்கள் வைத்திருக்கும் நடைமுறை விதி. 40 வயதில் பாதி என்பது சரியாக 2.5. ஆகவேதான் அந்த வயதில் தொந்தரவு எட்டிப்பார்க்கிறது. 44-ல் அரை டயாப்டர் போதவில்லை. 48-ல் ஒரு டயாப்டர் போதவில்லை. 60-ஐ நெருங்கும்போது உண்மையான திறன் ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது.

48 வயதுக்காரருக்கு ஒரு டயாப்டர்தான் குறைகிறது என்பதை மனதில் வையுங்கள். அவருக்கு எடுத்த எடுப்பில் 2 டயாப்டர் வாசிக்கும் பவர் உள்ள லென்ஸைக் கொடுத்தால் செல்போன் எழுத்து அன்றைக்கே பளிச்சென்று தெரியும். சந்தோஷமாக வாங்கிப் போவார். மறுநாள் வெளியே இறங்கும்போதுதான் தொல்லை தொடங்கும்.

இனி லென்ஸுக்கு வருவோம். ப்ரோக்ரஸிவ் கண்ணாடி போட்டுப் பழகியவர்கள் மல்டிஃபோகல் லென்ஸும் அதே மாதிரி வேலை செய்யும் என்று நினைக்கிறார்கள். மேலே பார்த்தால் தூரம், கண்ணைத் தாழ்த்தினால் கிட்ட என்பது கண்ணாடியில் சரி. மென்மையான கான்டாக்ட் லென்ஸ் கண்ணோடு சேர்ந்தே நகர்கிறது. நீங்கள் எங்கே பார்த்தாலும் லென்ஸின் அதே பகுதிதான் கண்பாவைக்கு முன்னால் நிற்கும். (கெட்டி லென்ஸ்களில் மட்டும், கண்ணைத் தாழ்த்தும்போது கீழ் இமை தூக்கிவிட்டு வாசிக்கும் பகுதியைக் கொண்டுவரும் ஒரு வகை உண்டு. அதைப் போடுகிறவர்கள் குறைவு.) மென்மையான லென்ஸில் தூரத்துக்கான பவரும் கிட்டத்துக்கான பவரும் ஒரே நேரத்தில் கண்பாவைக்கு முன்னால் இருக்கின்றன. சில லென்ஸ்களில் நடுவில் கிட்டம், சுற்றிலும் தூரம். சிலவற்றில் நடுவில் தூரம், சுற்றிலும் கிட்டம். இன்னும் சிலவற்றில் இரண்டும் வளையம் வளையமாக மாறி மாறி வரும்.

ஆக, நீங்கள் தூரத்தில் ஒரு முகத்தைப் பார்க்கும்போது விழித்திரையில் அந்த முகத்தின் தெளிவான பிம்பம் விழுகிறது. அதன் மேலேயே கிட்டப் பகுதி வழியாக வந்த கலங்கலான பிம்பமும் விழுகிறது. கல்யாணக் கூடத்தில் பக்கத்தில் நான்கு பேர் பேசிக்கொண்டிருக்க, நமக்கு வேண்டியவர் பேச்சை மட்டும் காது பிரித்தெடுப்பது மாதிரி, மூளை இரண்டில் தெளிவானதைப் பிரித்தெடுத்துக்கொள்கிறது. இதைப் பழகிக்கொள்ளப் பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வாரம் ஆகும். பிரித்தெடுத்தாலும், கலங்கலான பிம்பத்துக்குப் போன வெளிச்சம் போனதுதான். தெளிவான பிம்பத்துக்குக் கிடைப்பது மொத்த வெளிச்சத்தில் ஒரு பங்கு மட்டுமே.

எந்தப் பிம்பத்துக்கு எவ்வளவு பங்கு என்பதைத் தீர்மானிப்பது கண்பாவையின் அளவு. நடுவில் கிட்டம் வைத்த லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக அந்த நடுப்பகுதியின் விட்டம் 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வெளிச்சத்தில் கண்பாவை 4 மில்லிமீட்டர் விரிந்திருந்தால், பரப்பளவில் கிட்டத்துக்குக் கால் பங்கு, தூரத்துக்கு முக்கால் பங்கு. அதே ஆள் உச்சி வெயிலில் போய் நிற்கிறார், கண்பாவை 2.5 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. இப்போது கிட்டத்துக்கு 64 சதவீதம் போய்விடுகிறது, தூரத்துக்கு 36 மட்டும். நல்ல வெயிலில் தூரம் மங்குகிறது! ராத்திரியில் கண்பாவை 6 மில்லிமீட்டர் விரிந்தால் கிட்டத்துக்கு மிஞ்சுவது ஒன்பதில் ஒரு பங்கு. மங்கலான விளக்குள்ள ஓட்டலில் மெனு கார்டைப் படிக்க முடியாமல் செல்போன் டார்ச்சை அடிப்பது இதனால்தான். டார்ச் வெளிச்சம் எழுத்தைக் காட்டுவதோடு கண்பாவையைச் சுருக்கிக் கிட்டப் பகுதியின் பங்கையும் ஏற்றுகிறது. உண்மையான லென்ஸ்களில் பவர் இப்படி வெட்டினாற்போல் மாறாது. பலவற்றில் நடுவிலிருந்து விளிம்புவரை படிப்படியாக மாறும். ஆனால் நடக்கும் சங்கதி இதேதான்.

கண்பாவை வயதோடும் சுருங்குகிறது. கிட்டத்தில் பார்க்கும்போதும் சுருங்குகிறது. நடுவில் கிட்டம் வைக்கும் வடிவம் வெள்ளெழுத்துக்காரர்களுக்கு அதிகம் கொடுக்கப்படுவதற்கு இது ஒரு காரணம்.

ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருக்கு வயது 47, கிட்டப்பார்வை. நடுவில் கிட்டம் வைத்த லென்ஸ், இரண்டு கண்ணிலும் நடுத்தர வாசிக்கும் பவர் போட்டிருந்தார். ஒரு வாரம் கழித்து வந்து, “சார், ரெஜிஸ்டர் நல்லா தெரியுது. கிளாஸ்ல கடைசி பெஞ்சும் தெரியுது. காலையில ப்ரேயர்ல கிரவுண்ட்ல நிக்கறப்பதான் பசங்க முகத்தைச் சுத்தி இன்னொரு முகம் நிழலாத் தெரியுது. யாரு பேசறான்னே கண்டுபிடிக்க முடியலை” என்றார். அறைக்குள் போர்டைப் படிக்கச் சொன்னால் 6/6 வரிசையைத் தடுமாறாமல் படித்தார். அறையில் எந்தக் குறையும் இல்லை. “டீச்சர், கொஞ்சம் வெளியே வாங்க” என்று வெயிலில் நிறுத்தி, தெரு முனையில் இருந்த கடைப் பலகையைப் பார்க்கச் சொன்னேன். எழுத்துக்குச் சுற்றிலும் நிழல் வந்துவிட்டது. கையில் வைத்திருந்த மைனஸ் 0.50 லென்ஸை வலக்கண்ணுக்கு முன்னால் பிடித்ததும் நிழல் எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. வெயிலில் கண்பாவை சுருங்கி, கிட்டப் பகுதியே முழு ஆட்சி செய்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அவருக்குத் தூரத்தில் ஆதிக்கம் செலுத்தும் கண் வலது. அந்தக் கண்ணில் மட்டும் வாசிக்கும் பவரைக் குறைந்த நிலைக்கு இறக்கினோம். இடக்கண்ணைத் தொடவில்லை. வெயிலில் நிற்கும்போது கூலிங் கிளாஸ் போடச் சொன்னேன். அது வெளிச்சத்தைக் குறைத்துக் கண்பாவையைக் கொஞ்சம் விரியவைக்கும். ரெஜிஸ்டர் முன்னைவிடச் சற்றே மெலிதாகத் தெரிகிறது என்றார், ஆனால் படிக்க முடிகிறது. மைதானத்தில் நிழல் போய்விட்டது. அவர் வேலைக்கு இந்தப் பேரம் சரியானது.

போர்டு எழுத்தை வைத்து மட்டும் மல்டிஃபோகல் லென்ஸை எடைபோடக் கூடாது என்பது இதிலிருந்தே தெரியும். போர்டில் இருப்பது வெள்ளைப் பின்னணியில் கருகருவென்ற எழுத்து. வாழ்க்கையில் நாம் பார்ப்பவற்றில் பாதி அப்படி இருப்பதில்லை. அந்தி நேரத்துப் படிக்கட்டின் விளிம்பு, மழைத் தூறலில் வரும் சாம்பல் நிறக் கார், மங்கிப்போன கடை பில் இவையெல்லாம் பின்னணியிலிருந்து சொற்ப அளவே வேறுபடுகின்றன. இந்த வேறுபாட்டைத்தான் நாங்கள் கான்ட்ராஸ்ட் என்கிறோம். வெளிச்சத்தைப் பங்கு போடும் லென்ஸ் முதலில் கைவைப்பது இதில்தான். 6/6 படிக்கிறவருக்கும் கான்ட்ராஸ்ட் குறைந்திருக்கலாம்.

ராத்திரியில் இது இன்னும் தெரியும். எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட்டைச் சுற்றி ஒளிவட்டம், தெரு விளக்கிலிருந்து கதிர் பரவல். விரிந்த கண்பாவை வழியாக லென்ஸின் எல்லாப் பகுதிகளும் வேலை செய்ய, ஃபோகஸில் இல்லாத பகுதியின் வெளிச்சம் விளக்கைச் சுற்றிப் பரவி நிற்கிறது. பழகப் பழகத் தொந்தரவு குறையும், முற்றிலும் மறையும் என்று உறுதி சொல்ல மாட்டேன். புது லென்ஸ் போட்ட முதல் வாரம் ராத்திரியில் வண்டி ஓட்டாதீர்கள். இரு சக்கர வாகனமானாலும் சரி. இரவு ஓட்டமே பிழைப்பு என்றால், லாரி, டாக்ஸி, ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்கு, இந்த லென்ஸை நான் சிபாரிசு செய்வதில்லை. தூரத்துக்கு முழு பவர் உள்ள சாதாரண லென்ஸும், சட்டைப் பையில் ஒரு வாசிக்கும் கண்ணாடியும் அவர்களுக்குப் பாதுகாப்பு.

நிழல் தெரிகிறது என்பவர்களிடம் நான் கேட்கும் கேள்விகளை நீங்களே வீட்டில் கேட்டுப் பார்க்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் மட்டும் பாருங்கள். நிழல் எழுத்துக்கு எப்போதும் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கிறதா? அப்படியானால் பவரைக் குறை சொல்லிப் பயனில்லை, லென்ஸ் நடுவில் உட்காரவில்லை. மென்மையான லென்ஸ் பலருக்குக் காது பக்கமாகச் சற்று விலகி உட்காரும். நம் பார்வைக் கோடோ கருவிழியின் நடுவிலிருந்து மூக்குப் பக்கமாகச் சற்றே விலகிப் போகிறது. சாதாரண லென்ஸில் இந்த விலகல் ஒன்றும் செய்யாது. மல்டிஃபோகலில் பவரின் மையமும் பார்வையின் மையமும் பிரிந்து, கோமா என்னும் பிழை உண்டாகிறது. அது புள்ளியை ஒரு பக்கமாக நீட்டிவிடும். வேறு நிறுவனத்தின் லென்ஸுக்கு, வேறு வளைவுக்கு மாறினால் சரியாக வாய்ப்பு உண்டு.

கண்ணைச் சிமிட்டியதும் நிழல் மாறி, தெளிந்து, சில நொடியில் மறுபடி மங்குகிறதா? அது கண்ணீர்ப் படலத்தின் குறை. கம்ப்யூட்டர் முன்னால் சிமிட்டுவதே குறைந்துவிடுகிறது. ஏ.சி. அறையும் முகத்துக்கு நேரே சுற்றும் ஃபேனும் இருக்கிற ஈரத்தையும் வாங்கிவிடும். மாதவிலக்கு நிற்கும் வயதுப் பெண்களுக்குக் கண் வறட்சி கூடுதல், வெள்ளெழுத்தும் அதே வயதில் வருகிறது. வறண்ட கண்ணில் எந்த மல்டிஃபோகலும் ஒழுங்காக வேலை செய்யாது. முதலில் வறட்சிக்கு வைத்தியம், பிறகு லென்ஸ். இந்த வரிசையை மாற்றினால் நல்ல லென்ஸையும் கெட்ட லென்ஸ் என்று தூக்கிப்போடுவீர்கள்.

நிழல் ஒரு பக்கமும் சாயவில்லை, சிமிட்டினாலும் மாறவில்லை, வெளிச்சத்துக்கு ஏற்பக் கூடிக் குறைகிறது என்றால் அது கண்பாவை, வாசிக்கும் பவர் விவகாரம். டீச்சருக்குச் செய்தது போன்ற மாற்றம் அங்கே உதவும்.

பவரைக் குறைத்துக் கேட்கச் சொன்னேனே, அதற்கு முதல் படி தூர பவரைச் சரியாக வைப்பது. கிட்டப்பார்வைக்காரர்களில் நிறைய பேர் தேவைக்கு மேல் மைனஸ் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். மைனஸ் கொஞ்சம் கூடினால் எழுத்து சின்னதாக, கருப்பாக, கூராகத் தெரியும். “இதுதான் நல்லா இருக்கு” என்று சொல்லிவிடுவோம். இருபது வயதில் அது பெரிய தீங்கில்லை, கண் தன் திறனால் ஈடுகட்டிக்கொள்ளும். நாற்பத்தெட்டு வயதில் அரை டயாப்டர் கூடுதல் மைனஸ் என்றால், கையில் இருக்கும் ஒன்றரையில் அரையைத் தூரம் பார்ப்பதற்கே செலவழிக்கிறீர்கள். அதை ஈடுகட்ட வாசிக்கும் பவரை அரை டயாப்டர் ஏற்றுவார்கள். ஏற்றியதால் தரம் குறையும். தூர பவரைத் திருத்தினாலே, லென்ஸில் எதையும் ஏற்றாமல், கிட்டம் தெளிந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே புதிதாக மல்டிஃபோகல் எடுக்கும்போது பழைய லென்ஸ் டப்பாவில் இருக்கும் பவரைக் காட்டி அதே பவரில் கேட்காதீர்கள். கண்ணைப் புதிதாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தூரத்தில் எழுத்து தெளிவாக இருக்கும்வரை எவ்வளவு மைனஸ் குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு சங்கதி, கண்ணாடியிலிருந்து லென்ஸுக்கு மாறும் கிட்டப்பார்வைக்காரர்களுக்கு. மைனஸ் 6 கண்ணாடி போட்டு 40 சென்டிமீட்டரில் படிக்கும்போது கண் செய்ய வேண்டிய வேலை சுமார் 2.1 டயாப்டர். அதே ஆள் கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் படித்தால் சுமார் 2.4. கண்ணாடி கண்ணிலிருந்து 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்பதால் கிடைத்த சலுகை லென்ஸில் இல்லை. “கண்ணாடியில படிக்க முடிஞ்சுது, லென்ஸ் போட்டதும் முடியலை, லென்ஸ் கண்ணைக் கெடுத்துடுச்சு” என்று பயப்படுகிறவர்களுக்கு இதுதான் பதில். கெடுக்கவில்லை, வேலை கொஞ்சம் கூடியிருக்கிறது. தூரப்பார்வை பிளஸ் பவர்காரர்களுக்கு நேர்மாறாக லென்ஸ் வேலையைக் குறைக்கும். அவர்கள் மல்டிஃபோகலுக்கு நல்ல ஆட்கள் என்று நான் நினைப்பதற்கு அதுவும் காரணம். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஏற்கெனவே கண்ணாடியை நம்பியிருப்பவர்களுக்கு லென்ஸ் கொடுப்பது அதிகம், எடுப்பது கொஞ்சம். மைனஸ் 1.5, 2 அளவில் கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றினாலே அருமையாகப் படிக்கிறார்கள். அந்தத் தெளிவோடு ஒப்பிடும்போது எந்த மல்டிஃபோகலும் அவர்களுக்குத் திருப்தி தராது.

சிலிண்டர் பவர் 0.75-க்கு மேல் இருந்தால் சாதாரண மல்டிஃபோகலோடு மல்லுக்கட்ட வேண்டாம். சிலிண்டர் சேர்த்த மல்டிஃபோகல் இருக்கிறது. விலை கூடுதல், கிடைக்க நாளாகும்.

மருத்துவமனைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் அதிக நேரம் பார்க்கும் பொருள்கள் கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று இஞ்ச் டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மேசைக் கம்ப்யூட்டர் 65 சென்டிமீட்டரில் இருந்தால் தேவை ஒன்றரை டயாப்டர்தான். அதைக் கண்ணின் சொந்தத் திறனே பாதிக்கு மேல் சமாளிக்கும், லென்ஸில் குறைந்த பவரே போதும். தையல் வேலை, நகைப் பட்டறை, பூ வேலை செய்கிறவர்களுக்குத் தூரம் 30 சென்டிமீட்டர், தேவை மூன்றுக்கும் மேல். அவர்களுக்காக லென்ஸில் உச்ச பவரை ஏற்றித் தெருவில் மங்கலாக நடக்கவைப்பது நியாயமில்லை. நடுத்தர பவரில் லென்ஸ் கொடுத்து, ஊசி கோக்கும் நேரத்துக்கு மட்டும் அதன் மேல் பிளஸ் 1 கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்வேன்.

பரிசோதனையின்போது லென்ஸ் போட்டு இருபது நிமிடமாவது பொறுத்த பிறகே பார்வையை அளக்க வேண்டும். முகத்துக்கு முன்னால் நிறுத்தும் பெரிய கருவிக்குப் பின்னால் உட்காரவைத்து, இருட்டறையில், ஒரு கண்ணை மறைத்து அளந்தால் கண்பாவை விரிந்து கணக்கு தவறிவிடும். இரண்டு கண்ணும் திறந்திருக்க, அறை விளக்கு முழுதாக எரிய, கையில் 0.25 லென்ஸைப் பிடித்துப் பார்ப்பதே சரி. உங்கள் செல்போனை, கணக்கு நோட்டை, சாமி புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். தெருவில் இறங்கிச் சற்று நடந்துவிட்டு வருகிறேன் என்று கேளுங்கள். நல்ல ஆப்டோமெட்ரிஸ்ட் மறுக்க மாட்டார்.

எந்தக் கண் தூரத்துக்கு என்பதை முடிவு செய்ய ஓர் எளிய சோதனை உண்டு. இரண்டு கண்ணாலும் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிளஸ் 1.50 லென்ஸை ஒரு தடவை வலக்கண் முன்னால், ஒரு தடவை இடக்கண் முன்னால் பிடிப்போம். எதில் பிடித்தால் அதிகம் தொந்தரவாக இருக்கிறதோ அந்தக் கண்தான் தூரத்துக்கு. அதில் வாசிக்கும் பவர் குறைந்திருக்கட்டும், மற்றதில் கொஞ்சம் கூடட்டும். பயோஃபினிட்டி மல்டிஃபோகலில் ஒரு கண்ணுக்கு நடுவில் தூரம், மறு கண்ணுக்கு நடுவில் கிட்டம் என்று இரண்டு வடிவம் வைத்திருப்பதும் இந்த எண்ணத்தில்தான். ஒரு கண்ணில் முழுக்கத் தூரம், மற்றதில் முழுக்கக் கிட்டம் என்று சாதாரண லென்ஸையே பிரித்துப் போடும் மோனோவிஷன் முறையும் உண்டு. அதில் ஒளிவட்டத் தொல்லை குறைவு. ஆழம் கணிக்கும் பார்வை குறைந்துவிடும். படிக்கட்டிலும் வண்டியிலும் கவனம் வேண்டும்.

வாசிக்கும் பவர் போட்டால் கண் சோம்பேறியாகி, இருக்கும் திறனும் போய்விடுமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். போகாது. திறன் குறைவது லென்ஸ் கெட்டிப்படுவதால். அது கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் தன் போக்கில் நடக்கும். கண் பயிற்சி செய்து வெள்ளெழுத்தை விரட்டலாம் என்று விற்கப்படுவதற்கும் காசு கொடுக்காதீர்கள்.

இன்னொரு கேள்வி, முப்பது வயது மென்பொருள்காரர்களிடமிருந்து. நாள் முழுக்க ஸ்கிரீன் பார்த்துக் கண் வலிக்கிறது, குறைந்த பவர் மல்டிஃபோகல் போட்டால் கண்ணுக்கு ஓய்வு கிடைக்குமா? அந்த வயதில் 7 டயாப்டருக்கு மேல் திறன் இருக்கிறது. கண்ணில் மல்டிஃபோகல் இருந்தாலும் பெரும்பாலான இளைஞர்கள் தங்கள் சொந்தத் திறனால்தான் ஃபோகஸ் செய்கிறார்கள். லென்ஸ் கொடுக்கும் கூடுதல் பவரைச் சிலரே பயன்படுத்திக்கொள்கிறார்கள். ஓய்வு நிச்சயமில்லை, தரக் குறைவு நிச்சயம். தூர பவர், வறட்சி, நாற்காலி உயரம் மூன்றையும் சரி செய்துவிட்டுப் பிறகு யோசியுங்கள்.

குழந்தைகள் விஷயம் வேறு. கிட்டப்பார்வை ஏறுவதைக் குறைக்க, நடுவில் தூரம் வைத்த மல்டிஃபோகலைச் சிறு வயதிலேயே கொடுக்கிறோம். அமெரிக்காவில் பிளிங்க் என்ற பெயரில் 7 முதல் 11 வயதுவரையிலான 294 குழந்தைகளை மூன்றாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். 2020-ல் வெளியான முடிவின்படி, சாதாரண லென்ஸ் போட்டவர்களுக்கு பவர் சராசரியாக 1.05 டயாப்டர் ஏறியது. பிளஸ் 2.50 வாசிக்கும் பவர் உள்ள மல்டிஃபோகல் போட்டவர்களுக்கு 0.60. நடுத்தர பவரில் போட்டவர்களுக்கு 0.89, அதாவது சாதாரண லென்ஸுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாற்பது வயதுக்காரருக்குக் குறைவாகக் கேளுங்கள் என்கிற நானே குழந்தைக்கு அதிக பவர் வேண்டும் என்பேன். இங்கே நோக்கம் படிக்கவைப்பது இல்லை, கண் பந்து நீளாமல் தடுப்பது. இதை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். அப்பாவுக்கு வாங்கிய லென்ஸைப் பிள்ளைக்குப் போட்டுப் பார்க்கும் சங்கதி இல்லை.

சுத்தம் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, ஆனால் இதில் விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் லென்ஸைத் தொடக் கூடாது. அகந்தமீபா என்ற நுண்ணுயிர் தண்ணீரில் இருந்து கருவிழியைத் தாக்கினால் பார்வையே போகலாம். லென்ஸோடு குளிக்காதீர்கள், நீந்தாதீர்கள், தூங்காதீர்கள். பழைய திரவத்தின் மேலேயே புதுத் திரவத்தை ஊற்றி நிரப்பாதீர்கள். டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். சொட்டு மருந்தைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

ஒரு வாரச் சோதனை லென்ஸ் கொடுக்காத இடத்தில் வருடத்துக்கான டப்பாக்களுக்கு முன்பணம் கட்ட வேண்டாம். அந்த ஒரு வாரத்தில் எங்கே, எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்தில் பார்வை தடுமாறியது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். “கொஞ்சம் மங்கலா இருக்கு” என்பதை வைத்து எங்களால் எதையும் திருத்த முடியாது. “காலை பத்து மணி வெயிலில் பஸ் நம்பர் தெரியவில்லை, வலக்கண்ணை மூடினால் இன்னும் மோசம்” என்றால் எந்தக் கண்ணில் எவ்வளவு மாற்ற வேண்டும் என்பது ஏறக்குறைய அப்போதே தெரிந்துவிடும். இரண்டாவது தடவை வரும்போது லென்ஸ் போட்டுச் சில மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தால், லென்ஸ் கண்ணில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எங்களால் பார்க்க முடியாது.